பெயர் மறைத்த கட்டுரை

"அக்கா, எனக்கு அடைக்கலம் தர்ற நாடு ஏதாச்சும் இருக்குதுங்களா?"

சோமனூர் பேருந்தில், முன் இருக்கையில் இருந்த சட்டக்கல்லூரி மாணவன் கேட்டான். பக்கத்தில் இருந்தவள், மாணவர்களே நடத்தும் சர்வதேசச் சட்ட ஆய்விதழின் ஆசிரியர் என்பது பேச்சிலிருந்து தெரிந்தது.

"என்ன கண்ணு செஞ்சுபோட்ட?"

"எழுதுனவரு பேர மறைச்சு, மதிப்பீடு பண்ணச் சொல்லி ஒரு நதிநீர்க் கட்டுரை குடுத்தீங்கள்ல? 'முதலில் பாடப்புத்தகத்தைப் படிக்கவும்'னு எழுதி நிராகரிச்சுப்போட்டேனுங்க்கா. அது நம்ம புரொபசர் எழுதுனதாமா."

"படிக்க ஆளே இல்லாத இதழுக்கு இத்தனை கறாரா! சரி, உன்ற பேரையும்தான் மறைச்சு அனுப்புனேன். பயப்படாத."

"நதிநீர்க் கட்டுரைய மதிப்பிட இருக்கறதே நான் ஒருத்தன்தானுங்க்கா. என்னைப் போட்டதே அவருதான்."

"திட்டினாரா?"

"ச்சேச்சே, விதிமுறை தவறாத மனுசனுங்க. 'நிராகரிச்சது யாருன்னு நான் கேக்கவே மாட்டேன் தம்பி. செவ்வாக்கிழமை வைவா பரீட்சையில உங்கிட்ட மட்டும் அந்தப் பாடப்புத்தகத்துல இருந்து கேக்கறேன்'னாருங்க."

"அதுக்கென்ன? நீ படிச்சதுதானே?"

அவன் சட்டைப்பையில் இருந்த பணத்தை எண்ணிப் பார்த்தான்.

"இனிமேத்தான் வாங்கோணுமுங்க்கா."