சாணி மெழுகிய பிட்ச்

கண்ணகி: ஐயோ, திரும்பத் திரும்ப அந்தப் பந்த இன்னாத்துக்கு தரையில போட்டுக்கினு இருக்கீங்க? எங்கம்மா உள்ள படுத்திருக்காங்க.

தனசேகரன்: இரு... இந்தா பாரு. உங்கம்மா வூட்டு சிமெண்டு வாசல்ல போட்டா நெஞ்சு வரைக்கும் எகிறுதா?

கண்ணகி: பந்துன்னா எகிறத்தான் செய்யும்.

தனசேகரன்: தார் ரோட்டுல போட்டேன். இடுப்பு வரைக்கும் வந்துச்சு.

கண்ணகி: காணும் பொங்கலும் அதுவுமா மாப்ள ரோட்டுல பந்து தட்டிக்கினு நிக்கிறாருன்னு ஊரே சிரிக்கப் போவுது.

தனசேகரன்: சிரிக்கட்டும்! அதே பந்து உங்க ஊரு பிட்ச்ல கணுக்கால தாண்டலடி. பொத்துன்னு உழுந்து அப்டியே படுத்துக்குது.

கண்ணகி: பந்து பழசா இருக்கும்.

தனசேகரன்: நேத்துதான் கள்ளக்குறிச்சியில வாங்கினேன். இங்க எகிறுற பந்து அங்க மட்டும் செத்துப்போவுமா?

கண்ணகி: என்னக் கேட்டா? எனுக்கு இன்னா தெரியும்?

தனசேகரன்: இன்னிக்கு உங்க ஊருகிட்ட தோத்தா கேப்டன் வேலைய பிரவீன்குமாருக்கு குடுத்துடுவாங்க. நாலு வருஷமா நைனார்பாளையம் டீமு என் கையில!

கண்ணகி: போன வருஷம் ஜெயிச்சீங்களே, இன்னா கெடச்சுது? எங்க ஊரு டீமு கேப்டன், எந்தம்பி சரத்த, தோத்துட்டான்னு மைக்குல வெச்சி கிண்டல் பண்ணீங்க. அன்னியிலேர்ந்து அவன் நம்ம வூட்டுப் படி ஏறல.

தனசேகரன்: ஒரு பேச்சு சொல்லிட்டேன்... அதுக்குன்னு ஒரு வருஷமாவா?

கண்ணகி: இந்தப் பொங்க சீரக்கூட பஸ்ஸுல ஏத்தி உட்டான். கண்டக்டரு வந்து, “யக்கா, உன் சீரு”ன்னு கரும்ப நீட்டுறாரு. தெருவே பாத்துக்கினு நிக்குது...

தனசேகரன்: சரி சரி, அத உடு. பிட்ச் கதைக்கு வா. புது மண்ணு கொட்டி, தண்ணி ஊத்தி, சாணி போட்டு மெழுகி வெச்சிருக்காங்க. நெல்லடிக்கிற களம் மாதிரி!

கண்ணகி: பொங்கலுக்கு ஊரே மெழுகுது. அதயும் மெழுகிட்டாங்க.

தனசேகரன்: மேல பளபளன்னு இருக்கு, கட்ட விரலால அமுக்குனா உள்ள பொதபொதன்னு ஈரம். பந்து வர்ற வேகத்த அதுவே முழுங்கிடுது.

கண்ணகி: வெயில் ஏறுனா காஞ்சிடும்.

தனசேகரன்: அதத்தான் சொல்றேன்! மத்தியானம் காஞ்சி கெட்டியாயிடும், பந்து சிமெண்டுல எகிறுறா மாதிரி எகிறும். ரெண்டாவது ஆடுறவன் வெளுத்து வாங்குவான். மொதல்ல ஆடுறவன் காலி.

கண்ணகி: அப்ப நீங்க ரெண்டாவது ஆடுங்களேன்.

தனசேகரன்: எங்க... டாஸ் போட்டாச்சு. நாங்கதான் மொதல்ல.

கண்ணகி: ஐயோ பாவம்.

தனசேகரன்: பாவம்னு சொல்றவ மூஞ்சில இன்னா சிரிப்பு?

கண்ணகி: யாரு சிரிச்சா? பல்லு வலி.

தனசேகரன்: மெழுகுனது யாரு?

கண்ணகி: எவனாவது பசங்க...

தனசேகரன்: பசங்களா? பிட்ச்ச சுத்தி செம்மண்ணுல காவிக் கர போட்டிருக்கு, ஸ்டம்பு கிட்ட நாலு இழுப்பு கோலம் வேற! எந்தப் பையன்டி பிட்ச்சுக்கு கோலம் போடுவான்?

கண்ணகி: மெழுகிட்டு வெறுமனே உட்டா ஆவாதுங்க... சாவு வூடு மாதிரி இருக்கும்...

தனசேகரன்: ஆங்! அப்ப நீதான்!

கண்ணகி: ஆமா, நாந்தான்! நேத்து சாயங்காலம் போயி மெழுகுனேன். ஈரத்துல உங்க ஆட்டம் எடுபடாதுன்னு எனுக்குத் தெரியாதா? எந்தம்பி ஒரு தபா ஜெயிச்சி, தலய நிமுத்திக்கினு நம்ம வூட்டுக்கு வரட்டும்னுதான்...

தனசேகரன்: புருஷன் தோக்கட்டும்னு சாணி மெழுகுனவ இந்த ஜில்லாவுலயே நீ ஒருத்திதாண்டி.

கண்ணகி: திட்டுங்க... அவனுக்கு இது தெரியாது. அவன ஒண்ணும் சொல்லாதீங்க. ஆமா... கோலத்த எப்பப் பாத்தீங்க?

தனசேகரன்: டாஸுக்கு முன்னாடியே.

கண்ணகி: அப்பயே சொல்லியிருந்தா வேற பிட்ச் போட்டிருப்பாங்களே! வாய மூடிக்கினு இருந்து டாஸ்லயும் தோத்துட்டு, இங்க வந்து என் உசுர எடுக்கிறீங்க!

தனசேகரன்: எவ சொன்னா தோத்தேன்னு? டாஸ்ல ஜெயிச்சது நாந்தான். உன் கோலத்தப் பாத்துட்டு, மொதல்ல நாங்களே ஆடுறோம்னு கேட்டு வாங்குனதும் நாந்தான்... பிரவீன்குமாரு என்னத் தேடிக்கினு வர்றான், கதவ சாத்து!