டோக்கனுக்கு முந்தைய நேரம்

எங்கே போவதானாலும் கால் மணி நேரம் முன்னதாகப் போய்விடுவது என் பழக்கம், மேடம். கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு ஆறு வருஷம் பஸ்ஸில் போய்வந்தேன். ஒரு நாள்கூடத் தாமதமாகக் கையெழுத்துப் போட்டதில்லை. மனிதர்களைக் காக்கவைப்பது எனக்கு அறவே பிடிக்காது. என் வேலையே அதை ஒழிப்பதுதான்.

முதலில் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் இருந்தேன். ஒரு டிரம் நிரப்ப எத்தனை நொடி, மூடி போட எத்தனை நொடி என்று ஸ்டாப்வாட்சும் கையுமாக நின்று எழுதுவேன். பிறகுதான் சிதம்பரத்தில் இந்தத் தனியார் மருத்துவமனை. பணிமுறை மேம்பாட்டு அதிகாரி என்று நீளமாக ஒரு பதவி. யார் எங்கே வீணாக நிற்கிறார்கள் என்று பார்த்துச் சரிசெய்ய வேண்டும், அவ்வளவுதான். மருந்து வாங்கும் வரிசையைப் பாதியாகக் குறைத்தது நான். ரத்தப் பரிசோதனை முடிவு அதே நாளில் கைக்கு வரச் செய்ததும் நான். அதையெல்லாம் சொல்லிக்கொள்ள எனக்கு இன்றும் கூச்சமில்லை.

அவசரப் பிரிவு மட்டும் மசியவில்லை. நோயாளி வந்ததிலிருந்து டாக்டர் பார்க்கும்வரை சராசரி நாற்பத்தேழு நிமிஷம் ஆனது. தரச்சான்று கிடைக்க அது பத்துக்குள் வர வேண்டும். இன்னொரு டாக்டர் வேண்டும் என்று எழுதிக்கொடுத்தேன். "இருக்கிற ஆளை வெச்சு முடிச்சுக் குடுங்க செந்தமிழ்செல்வன். அதுக்குத்தானே நீங்க இருக்கீங்க" என்றார்கள். நியாயமான பேச்சு.

மூன்று வாரம் அங்கே உட்கார்ந்து எழுதினேன். அப்போதுதான் மங்கலம் கண்ணில் பட்டார். அங்கே பதினெட்டு வருஷமாக ஆயா. வரிசையில் இருப்பவர்களின் பாதத்தைப் புறங்கையால் தொட்டுக்கொண்டே போவார். யாருடைய பாதமாவது ஜில்லென்று வேர்த்திருந்தால், டோக்கனும் கிடையாது, பேச்சும் கிடையாது, கையைப் பிடித்து நேரே டாக்டரிடம் கூட்டிப்போய்விடுவார். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. யாரும் கேட்டதுமில்லை. அந்த மூன்று வாரத்தில் இருபத்தாறு பேரை அப்படி முன்னால் தள்ளினார். அதில் இருபத்தொரு பேருக்கு உண்மையிலேயே அவசரம் என்று டாக்டரின் குறிப்பு இருந்தது. அதையும் நான்தான் எண்ணினேன்.

ஆனால் ஒருவர் முன்னால் போனால் பின்னால் நாலு பேர் நேரம் ஏறுகிறது. ஒரு ஆயாவின் கையை நம்பி ஒரு முறையை நடத்த முடியாது. அவரைத் துணி வெளுக்கும் பகுதிக்கு மாற்றினேன். முன்பக்கம் வந்தால் மெமோ என்றும் சொன்னேன்.

அடுத்ததுதான் என் சொந்த யோசனை. கம்ப்யூட்டரில் நேரம் ஓடத் தொடங்குவது டோக்கன் அடித்த பிறகுதான். வாசலில் வந்ததுமே டோக்கன் அடிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. எனவே வெளியே ஒரு தகரக் கொட்டகை போட்டேன். நாலு மின்விசிறி, குடிதண்ணீர், நல்ல பெஞ்சுகள். டாக்டர் கை ஓயும்போது அடுத்தவரைக் கூப்பிட்டு டோக்கன் அடிப்போம். இரண்டே மாதத்தில் சராசரி எட்டு நிமிஷமானது. நிர்வாகம் எனக்குச் சால்வை போட்டது. டாக்டர்களும் சந்தோஷப்பட்டார்கள். பொய் சொல்வானேன், நானும்தான்.

நீங்கள் இப்போது விசாரிக்கிற ஆசியா உம்மாளின் சாவுக்கு முன்பே கொட்டகையில் இரண்டு பேர் இறந்தார்கள். பெண்ணாடத்திலிருந்து வந்த, கரும்பு வெட்டுகிற ஒருவர், திட்டக்குடிப் பக்கத்து டீச்சர் ஒருவர். டோக்கன் அடிக்காதவர் நோயாளி இல்லை. எனவே கொண்டுவரும்போதே உயிர் இல்லை என்று பதிந்தோம். என் வரையறைப்படி அதில் தவறில்லை. இரண்டு இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இனி அந்த நாள். தரச்சான்றுக் குழு காலையிலேயே வந்து உள்ளே உட்கார்ந்திருந்தது. ஒன்பது பத்துக்கு ரஃபீக் தன் தாயார் ஆசியா உம்மாளைப் பரங்கிப்பேட்டையிலிருந்து காரில் கூட்டிவந்தார். நெஞ்சு எரிகிறது, இடது கை கடுக்கிறது என்றார்கள். நானே பெஞ்சில் உட்காரவைத்தேன். அந்தம்மாள் வெள்ளைத் துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "தம்பி, ஜாஸ்தி நேரம் ஆவுமா?" என்றார். "இல்லம்மா, எட்டு நிமிஷம்" என்றேன்.

பத்து மணிக்கு ரஃபீக் காரை நிழலில் விடப் போனார். நான் பெஞ்சருகே போனேன். துப்பட்டி விலகி வலது பாதம் வெளியே தெரிந்தது. குனிந்து புறங்கையால் தொட்டுப்பார்த்தேன். மூன்று வாரம் மங்கலத்தைப் பார்த்தவனுக்கு அது என்னவென்று தெரியாமல் போகாது. ஜில்லென்று வேர்த்திருந்தது.

அதே நேரம் மங்கலம் துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு கொட்டகை ஓரமாக வந்தார். மெமோவுக்குப் பயந்து கிட்டே வரவில்லை. தலையை மட்டும் நீட்டிப் பார்த்தார். "சார், அந்தம்மா மொவம் சரியில்ல. காலைக் கொஞ்சம் பாத்துட்டுப் போறேன் சார்" என்றார்.

நான் துப்பட்டியை இழுத்துப் பாதத்தை மூடினேன்.

"நான் பாத்துட்டேன். கால் சூடாத்தான் இருக்குது. நீங்க வேலையப் பாருங்க" என்றேன். அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். முறையை மீறி ஒருவரை உள்ளே விட்டிருந்தால், இந்தம்மாள் எத்தனை மணிக்கு வந்தார் என்று குழு கேட்டிருக்கும். அங்கிருந்து கொட்டகைக்கு வந்திருப்பார்கள். கொட்டகையிலிருந்து அந்த இரண்டு பேருக்கு. எனக்குப் பயமாக இருந்தது, மேடம். அவ்வளவுதான் காரணம். வேறு பெரிய காரணம் எதுவும் தேட வேண்டாம்.

ரஃபீக் திரும்பி வந்தபோது நான் துப்பட்டியின் ஓரத்தைச் சரிசெய்துகொண்டிருந்தேன். "ரொம்ப நன்றி சார். கால் தெரிஞ்சா உம்மா கூச்சப்படுவாங்க" என்றார்.

பத்து ஐம்பத்திரண்டுக்குக் குழு மாடிக்குப் போனது. உடனே டோக்கன் அடித்தேன். பத்து ஐம்பத்தைந்துக்கு டாக்டர் பார்த்தார். பார்க்க ஒன்றுமில்லை, உயிர் போயிருந்தது. காத்திருந்தது மூன்று நிமிஷம் என்று பதிவானது. அன்றைக்கு அதுதான் மிகக் குறைந்த நேரம்.

ரஃபீக்கின் புகாரில் தாமதம் என்று மட்டும்தான் இருக்கிறது. பாதத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. கொட்டகையில் கேமரா கிடையாது. மங்கலம் மறுநாளே வேலையை விட்டுவிட்டார், எங்கே போனாரென்று தெரியவில்லை. நான் சொல்லாவிட்டால் இது யாருக்கும் தெரியப்போவதில்லை. சொல்லிவிட்டேன். அந்தம்மாளுக்குச் சாவு வருகிறது என்று தெரிந்துதான் மூடினேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். பதிவு என்றால் சரியாக இருக்க வேண்டும்.

இன்று காலை ரஃபீக்கும் நானும் உங்கள் அறைக்கு வெளியே ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தோம். என்னைப் பார்த்ததும் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார். தண்ணீர் பாட்டிலை என்னிடம் நீட்டினார். "அந்த ஆஸ்பத்திரில உம்மாவை மனுசியா நெனச்சது நீங்க ஒருத்தர்தான் சார்" என்றார். வாங்கிக் குடித்தேன். தாகமாக இருந்தது.

கையெழுத்துப் போடுகிறேன், மேடம். அதற்கு முன் ஒரு சின்னத் திருத்தம். நான் வந்த நேரம் பதினொன்று இருபது என்று உங்கள் ஆள் எழுதியிருக்கிறார். அது என்னை உள்ளே கூப்பிட்ட நேரம். நான் ஒன்பதே முக்காலிலிருந்து வெளியே காத்திருக்கிறேன். ஒரு மனிதன் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்ததை இப்படி இல்லாமலாக்கிவிடக் கூடாது. சந்தேகமிருந்தால் ரஃபீக்கைக் கேளுங்கள், அவர் பார்த்தார்.