சம்பந்தியம்மா கையில் இரண்டு ஒப்பம்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் மருத்துவர் அவர்களே! எங்கள் நெஞ்சில் படிந்த தூசியைப் படம்பிடித்துப் பார்த்தும், எங்கள் நெஞ்சில் நல்லது மட்டுமே இருப்பதாக நம்பும் பெருந்தகையே! முன்வரிசையில் முழங்கால் வலியோடும் முகமலர்ச்சியோடும் அமர்ந்திருக்கும் பெரியோர்களே! பணி முடிந்த களைப்போடு வந்திருக்கும் தோழர்களே! பேச்சு நீண்டால் முதலில் எழுந்து போகும் துணிவு படைத்த தாய்மார்களே, இன்று ஒருநாள் மட்டும் உங்கள் பொறுமையை எனக்குக் கடனாகத் தாருங்கள்! ஈடு வைக்க என்னிடம் எதுவும் இல்லை. தொழிற்சங்கத் தலைவனான எனக்கு என் குரல் ஒன்றுதான் உண்டு. அதைப் பறிமுதல் செய்ய என் மனைவியே முயன்று தோற்றுவிட்டார்.

சுரங்கத்துக்குத் திட்டக்கடன் தந்த வங்கியின் மேலாளர் அவர்களே! அவரிடமிருந்து மூன்று நாற்காலி தள்ளி, முகத்தை வாசல் பக்கம் திருப்பி அமர்ந்திருக்கும் எந்திரக்கடன் நிறுவனத்தின் மேலாளர் அவர்களே! உங்களுக்கும் வணக்கம். வாசலில் எங்கள் தோழர்கள் நிற்கிறார்கள். அந்தப் பக்கம் பார்த்துப் பயனில்லை.

இன்றைய விழாவின் நாயகியே! கடன் ஆவணம் எழுதியே காலத்தைக் கழித்து, இன்றோடு ஓய்வு பெறும் வழக்கறிஞர் பெருமாட்டியே! என் மகளின் மாமியாரே! உங்களை ‘அம்மையார்’ என்று விளிப்பதா, ‘சம்பந்தி’ என்று விளிப்பதா என்று காலை முதல் என் வீட்டில் வழக்கு நடக்கிறது. தீர்ப்பு வரும்வரை இரண்டையும் வழங்குகிறேன்.

வாழ்த்த வந்த நான் வழக்கோடும் வந்திருக்கிறேன். என்ன வழக்கு? நம் சுரங்கக் குழிக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது! ஏறும் நீரை இறைக்கும் நீரிறைப்பான்கள் பூட்டிக் கிடக்கின்றன! பின்வரிசையில் ஒரு தம்பி கை தூக்குகிறார். என்னப்பா? சரி. ‘பம்ப்’ என்றே சொல்லுகிறேன். தமிழ் எனக்கு உயிர். ஆனால் பம்ப் ஓடாவிட்டால் நமக்கு ஊதியம் இல்லை.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். சிரிக்கிறீர்கள். நான் சுருக்கமாகச் சொன்னதே இல்லையா? இன்று சொல்லிக் காட்டுகிறேன். தாதுவின் விலை சரிந்தது. முதலாளி தவணை தவறினார். மண்ணள்ளும் எந்திரம், மண் சுமக்கும் லாரி, பம்ப் எல்லாம் எந்திரக்கடன் நிறுவனத்துக்கு ஈடு. அவர்கள் வந்து அத்தனையையும் பூட்டினார்கள். மண்ணள்ளியைப் பூட்டினால் மண் காத்திருக்கும். லாரியைப் பூட்டினால் சாலை காத்திருக்கும். பம்பைப் பூட்டினால் தண்ணீர் காத்திருக்குமா? கடன் ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்துவிட்டு ஊற்றெடுக்குமா?

அந்தக் குழியோ வங்கிக்கு ஈடு. குழி மூழ்கினால் வங்கியின் ஈடும் மூழ்கும். அடியில் நிற்கும் எந்திரங்களும் மூழ்கும். நம் அடுப்பும் அணையும். ஆனாலும் வங்கி பம்பைத் தொடாது. அடுத்தவன் பொருளைத் தொட்டால் வழக்கு வருமாம். நிறுவனமும் பம்பை ஓட்டாது. ஓட்டினால், பம்புக்கு மின்சாரம் தரும் ஜெனரேட்டரின் டீசல் செலவு தன் தலையில் விடியுமாம். நெருப்புப் பிடித்த வீட்டின் முன்னால் நின்றுகொண்டு, வாளி யாருடையது என்று வாதிடும் அறிவாளிகளை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

இந்த அறிவாளிகளுக்கு நடுவில் ஓர் அறிவுள்ள பெண்மணி இருந்தார். அவரைப் பற்றித்தான் இந்த விழா. ஆகவே கொஞ்சம் அவரைக் கிண்டல் செய்ய எனக்கு அனுமதி தாருங்கள். சம்பந்தி என்ற முறையில் எனக்கு அந்த உரிமை உண்டு.

தொழிலுக்கு வந்த புதிதில் அவர் ஓர் எந்திரக்கடன் நிறுவனத்துக்கு ஆவணம் எழுதினார். கடனில் வாங்கிய ஒவ்வோர் எந்திரத்திலும், ‘இது இன்னாருக்கு ஈடு’ என்று பொறித்த தகடு அடிக்க வேண்டும் என்பது அந்தத் தொழிலின் முறை. குளிரூட்டிய அறையில் அமர்ந்தபடி, நம் பணிமனைக்குத் தொலைபேசியில் ஆணையிட்டார். “நல்லாத் தெரியிற இடமாப் பாத்து அடிங்க” என்றார். நம் ஆட்கள் சொல்பேச்சு கேட்பவர்கள். மண்ணள்ளும் எந்திரத்தில் எல்லார் கண்ணிலும் படும் இடம் எது? மண்ணைக் கடிக்கும் அந்தப் பெரிய வாளி! அதில் அடித்தார்கள்.

வாளி தேயும். தேய்ந்தால் கழற்றுவோம், செப்பனிடுவோம், அடுத்த எந்திரத்தில் மாட்டுவோம். தகடும் வாளியோடு சேர்ந்து எந்திரத்துக்கு எந்திரம் விருந்து போனது. கடன் தவணை நின்றது. பறிமுதல் ஆணையோடு ஒரு நண்பகலில் டிரெய்லர் வந்தது. ‘தகடு உள்ள எந்திரம்’ என்று ஆணை. தேடினார்கள், தேடினார்கள், பணிமனைக்குப் பின்னால் பழைய இரும்புக்கு நடுவில் கண்டுபிடித்தார்கள். தனியாக ஒரு வாளி! அதையே ஏற்றினார்கள். கயிறு போட்டுக் கட்டினார்கள். அந்தப் பணிமுறையில் இருந்த அத்தனை பேரும் வரிசையில் நின்று கையசைத்து வழியனுப்பிவைத்தோம்.

நிறுவனத்து அதிகாரி அம்மையாரிடம் தொலைபேசியில் பேசினார். அதைச் சம்பந்தியம்மாவே எனக்குச் சொல்லிக்காட்டியிருக்கிறார்: “மேடம், கை மட்டும் வந்து சேந்துருக்கு. உடம்பு எங்க இருக்குன்னு கேட்டுச் சொல்றீங்களா?”

வேறொருவராக இருந்தால் பணிமனை மேல் பழி போட்டிருப்பார். அம்மையார் மறுநாளே புறப்பட்டு வந்தார். மினுமினுக்கும் காலணியோடு வந்தவர், எந்திரத்தின் அடியில் தாமே படுத்து, கழற்ற முடியாத அடிச்சட்டம் எது என்று தடவிப் பார்த்துத் தகடு அடிக்க வைத்தார். எழுந்தபோது முகம் தெரியவில்லை, கிரீஸ்தான் தெரிந்தது. அன்று முதல், ஏறிப் பார்க்காத எந்திரத்துக்கு அவர் எழுதியதில்லை; இறங்கிப் பார்க்காத குழிக்கு எழுதியதில்லை. நம் தோழர்கள் அவருக்கு வைத்த பட்டம் என்ன? சொல்லுங்கள்! ஆம், ‘தகடம்மா’! பல்கலைக்கழகம் தந்த பட்டத்தைவிட அது அவருக்கு நன்றாகப் பொருந்தியது.

அப்படி ஒருநாள் குழியின் அடிக்கு இறங்கியபோதுதான் பம்பைப் பார்த்தார். இது நின்றால் என்ன ஆகும் என்று கேட்டார். அங்கே நின்ற பம்ப்காரர் யோசிக்கவே இல்லை. “நாங்க மேல வந்துருவோம்மா. மிஷினுங்கதான் நீச்சல் கத்துக்கணும்” என்றார். அம்மையார் சிரித்தார். மேலே வந்ததும் ஒரு விதி எழுதினார். யார் யாரோடு சண்டையிட்டாலும், எவர் எதைப் பூட்டினாலும், குழி திறந்திருக்கும்வரை பம்ப் ஓட வேண்டும்; அதன் செலவை, வசூலாகும் பணத்திலிருந்து முதலில் கழித்துக்கொள்ள வேண்டும். அதன் பிறகு அவர் எழுதிய ஒவ்வொரு சுரங்கக் கடனிலும் அந்த விதி இருந்தது.

அப்படியானால் இப்போது ஏன் இல்லை? கேளுங்கள் இந்தக் கூத்தை! இந்தக் கடனுக்கு அவரை அழைக்கவில்லை. ‘அந்தம்மா வந்தால் கேள்வி கேட்டே காலம் கடத்துவார்’ என்று இருதரப்பும் ஒரே மனதாக முடிவெடுத்தார்களாம். அவர்கள் ஒரே மனதாக எடுத்த முடிவு அது ஒன்றுதான்! விரைந்து முடிக்கும் இளைஞர்களிடம் கொடுத்தார்கள். இளைஞர்கள் பழைய ஆவணம் ஒன்றை எடுத்துப் பெயரை மாற்றினார்கள். எதன் ஆவணம்? மலைமேல் இருக்கும் ஒரு கல்குவாரியின் ஆவணம்! மலையில் பெய்த நீர் தானாகவே கீழே ஓடிவிடும். அங்கே எதற்குப் பம்ப்? ஆகவே விதியும் இல்லை. நம் குழியை மலையாக்கிய பெருமை அந்தப் பிள்ளைகளையே சாரும். நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. குழியைப் பார்த்திருந்தால் அவர்களுக்கும் தெரிந்திருக்கும். பார்க்கச் சொல்ல அங்கே ஒரு தகடம்மா இல்லை, அவ்வளவுதான்.

இவருக்கு விதி எழுதுவது வெறும் தொழிலா? இல்லை, தோழர்களே, குணமே அதுதான்! அவர் மகனுக்கும் என் மகளுக்கும் திருமணம் பேச வந்த நாளைச் சொல்லுகிறேன். நான் பெண்ணைப் பெற்றவன். பேச வேண்டியதையெல்லாம் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அம்மையார் வந்தார், அமர்ந்தார், தேநீரைக் கையில் எடுத்தார். “சம்பந்தி, எனக்கு ஒரே ஒரு சந்தேகம். நாளைக்கு ரெண்டு பேருக்கும் சண்டை வந்தா நாம என்ன பண்ணணும்?” என்றார்.

திருமணமே நடக்கவில்லை, அதற்குள் சண்டையா? என் மனைவி என்னைப் பார்க்கிறார். நான் சுவரைப் பார்க்கிறேன். கடைசியில் அவரே விதியும் சொன்னார். “நீங்க உங்க பொண்ணு பக்கம் பேசக் கூடாது. நான் என் பையன் பக்கம் பேசக் கூடாது. அவங்க எவ்வளவு வேணாலும் சண்ட போடட்டும். ஆனா வீட்ல அடுப்பு மட்டும் அணையக் கூடாது. யாருக்குக் கோவம் இல்லையோ அவங்க சமைக்கணும்.”

மாப்பிள்ளை அதோ தலையைக் குனிகிறார். பாதி நாள் அவர்தான் சமைக்கிறார் என்று கேள்வி. என் மகளுக்குக் கோபம் வருவது அவள் தந்தை வழிச் சொத்து. நான் என்ன செய்ய?

சிரித்தது போதும். இனி என் நெஞ்சில் இருப்பதைச் சொல்லுகிறேன்.

சம்பந்தம் ஆவதற்கு நெடுங்காலம் முன்பு, நானும் அம்மையாரும் எதிரெதிர் நாற்காலியில் அமர்ந்தவர்கள். ஊதியத்துக்காக நாம் வேலைநிறுத்தம் செய்த அந்தக் கோடை நினைவிருக்கிறதா? உடன்பாடு எழுதியாகிவிட்டது. முதலாளி, “சங்கம் முதலில் கையெழுத்திடட்டும்” என்றார். “முதலாளி முதலில் இடட்டும்” என்றேன் நான். முதலில் ஒப்பமிட்டவன் ஏமாறுவான் என்ற அச்சம் இருவருக்கும். வீட்டில் பாத்திரங்கள் காலி, வெளியில் வீரவசனம். நம் வீட்டுப் பெண்களின் முகத்தைப் பார்க்க அஞ்சி நான் சங்க அலுவலகத்திலேயே கிடந்தேன்.

அப்போது முதலாளிக்குக் கடன் கொடுத்திருந்த வேறொரு வங்கியின் வழக்கறிஞராக வந்திருந்தார் இவர். எதிர்முகாம்! என் எதிரே வந்து நின்றார். “ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு எங்கிட்ட குடுங்க. ரெண்டும் என் கைக்கு வர்ற வரைக்கும் ரெண்டும் வெறும் காகிதம். ஒண்ணு வரலன்னா இன்னொண்ண நானே கிழிச்சிப் போட்டுருவேன்” என்றார். கடன் வழக்கறிஞர்களிடம் இது நெடுநாள் வழக்கமாம். எனக்கு என்ன தெரியும்? அந்தக் கண்ணைப் பார்த்தேன். கொடுத்துவிட்டேன். எதிரியின் வழக்கறிஞர் கையில் என் சங்கத்தின் மானத்தைக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். தோழர்கள் என்னை ஏசிய ஏச்சை மேடையில் சொல்ல முடியாது. ஏசியவர்களில் பலர் இங்கேயே இருக்கிறீர்கள்.

அடுத்து நடந்தது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. முதலாளி ஒப்பமிடவில்லை. ஆனால் வங்கி அம்மையாரை நெருக்கியது. ‘சங்கத் தலைவரின் கையெழுத்துத்தான் வந்துவிட்டதே, அதைக் கொடுங்கள், சங்கம் பணிந்துவிட்டது என்று ஊருக்குக் காட்டுகிறோம்’ என்று கேட்டது. கேட்டவர் யார்? அவருக்குக் கூலி கொடுக்கும் வங்கி! அம்மையார் என்ன சொன்னார் தெரியுமா? “அது உங்க பேப்பரும் இல்ல, என் பேப்பரும் இல்ல. இன்னொரு கையெழுத்துக்காகக் காத்திருக்கிற பேப்பர். தர மாட்டேன்.”

வங்கி அவரை விலக்கியது. பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். என் கையெழுத்தும் அந்தப் பைக்குள் பத்திரமாக வந்தது. ஊரை ஏமாற்றக் காகிதம் கிடைக்காத முதலாளிக்கு வேறு வழி இருக்கவில்லை. அதே அம்மையாரைத் தேடிப் போய்த் தன் கையெழுத்தைக் கொடுத்தார். இரண்டும் சேர்ந்தன. நாம் வேலைக்குத் திரும்பினோம். அந்த வங்கி மட்டும் பல்லாண்டுக் காலம் அவரை மீண்டும் அழைக்கவில்லை. நாம் உண்ட சோற்றுக்கு அவர் தம் தொழிலில் பாதியை விலையாகக் கொடுத்தார்! அதை ஒருநாளும் நம்மிடம் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டாத சம்பந்தி கிடைப்பது எவ்வளவு அரிது என்பது தாய்மார்களுக்குத் தெரியும்.

சம்பந்தியம்மா கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். “சம்பந்தி, தண்ணி உங்க பேச்சவிட வேகமா ஏறுது” என்கிறார். உண்மை. முடிக்கிறேன்.

மேலாளர் பெருமக்களே! இந்த மேசையின் மேல் ஒரே ஒரு தாள். பம்ப் ஓடட்டும், டீசலை வங்கி தரட்டும், இதனால் எவர் உரிமையும் எள்ளளவும் குறையாது என்று அம்மையார் எழுதிய தாள். இருவரும் படித்தீர்கள். இருவரும் நன்று என்றீர்கள். பிறகு? ‘அவர் முதலில் ஒப்பமிடட்டும்’ என்கிறார் இவர். ‘இவர் முதலில்’ என்கிறார் அவர். பள்ளிக்கூட வாசலில் ‘நீ முதல்ல போ’ என்று தள்ளிக்கொள்ளும் குழந்தைகள் கூட மணி அடித்ததும் உள்ளே போய்விடுகிறார்கள், ஐயா!

ஒருவரை ஒருவர் நம்ப வேண்டாம். நம்பச் சொல்லி நான் கெஞ்சவும் இல்லை. எங்களையும் நம்ப வேண்டாம். அதோ அமர்ந்திருக்கிறாரே, அவரை நம்ப முடியாது என்று உங்களில் ஒருவர் எழுந்து சொல்லுங்கள், நான் பேச்சை நிறுத்திக்கொள்கிறேன். சொல்வீர்களா? மாட்டீர்கள்! இந்தக் கடனைத் தவிர, உங்கள் இருவர் அலுவலகத்திலும் அவர் கை படாத ஆவணம் இல்லை. இன்றோ அவருக்குக் கட்சிக்காரர் எவரும் இல்லை; எவர் கூலியும் இல்லை; எவர் கோபத்துக்கும் அஞ்ச வேண்டியதில்லை. இப்படி ஒரு கை இனி உங்களுக்குக் கிடைக்காது.

குழியின் இரண்டாம் படியைத் தண்ணீர் தொட்டுவிட்டது. அடுத்த படியில் பம்புகளின் மின்பெட்டி இருக்கிறது. அது நனைந்தால், பிறகு நீங்கள் பூட்டைத் திறந்தாலும் பம்ப் திரும்பிப் பார்க்காது. இங்கே அமர்ந்திருக்கும் ஒவ்வொரு குடும்பத்தின் வாழ்வும் இப்போது அந்த ஒரு படியின் உயரம்தான்.

பொறுத்துக் கேட்ட தாய்மார்களுக்கும், பெரியோருக்கும், மணி அடிக்காமல் காத்த தலைவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. அனைவருக்கும் வணக்கம். நான் உட்காரப் போவதில்லை. மேலாளர்களே, எழுந்து வாருங்கள்! அந்தத் தாளின் நகல் ஆளுக்கு ஒன்று இங்கே இருக்கிறது. ஆளுக்கு ஓர் ஒப்பம் இடுங்கள். அம்மையார் கையில் கொடுங்கள். பூட்டின் சாவியைப் பம்ப்காரரிடம் கொடுங்கள். நாளைக்கு அல்ல, தலைமை அலுவலகத்தைக் கேட்டபிறகு அல்ல. இப்போதே!