பெயர் சொல்லி உள்ளே வருகிறவர்கள்

(நாமக்கல் வட்டாரக் கோழிப்பண்ணையாளர் சங்கத்தின் ஆண்டுப் பேரவையில், மின்னஞ்சல் பெட்டிகளை அழிக்கும் தீர்மானத்தின் மீது பேசியது)

மின்விசிறிக்கு நேர்கீழே அமர்ந்தும் வியர்த்துக்கொண்டிருக்கும் அவைத் தலைவர் சின்னுசாமி அவர்களே! தீர்மானத் தாளைக் கையில் பிடித்தபடி, இந்த அம்மா எப்போது உட்காருவார் என்று காத்திருக்கும் செயலாளர் தீனதயாளன் அவர்களே! பண்ணையைப் பெற்ற பிள்ளையாய்ப் பேணும் பெரியோர்களே! விடியுமுன் எழுந்து, தீனி வைத்து, முட்டை அடுக்கி, லாரி ஏற்றி, அதன் பிறகும் பின்வரிசையிலேயே இடம் கிடைக்கப்பெற்ற தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

சங்கத்தின் மின்னஞ்சல் கணினியைப் பராமரிப்பது, என் கணவர் காலமான பிறகு, என் வேலை. தீவன ஆலையின் பில், தடுப்பூசி அறிவிப்பு, ஏற்றுமதிச் சான்று எல்லாம் அதன் வழியாகத்தான் உங்கள் பெட்டிகளுக்கு வருகின்றன.

என்ன தம்பி? "வாட்ஸப் இருக்குதுங்களேம்மா"வா? இருக்கிறது. அதில் காலை வணக்கப் பூங்கொத்துகளைத் தள்ளிவிட்டு, ஏற்றுமதிச் சான்றைத் தேடி எடுத்துத் தாருங்கள் பார்க்கலாம்!

அந்தக் கணினியில் ஒரு சிறு கருவி உண்டு. முகம் தெரியாத யாரோ எழுதி இலவசமாகக் கொடுத்தது. அதில் படம் இல்லை, பொத்தான் இல்லை, பகட்டு இல்லை. கறுப்புத் திரையில் நான் ஒரு வரி தட்ட வேண்டும். அது வரி வரியாகப் பதில் சொல்லும். எந்த அஞ்சல் எந்தப் பெட்டிக்குப் போனது, எந்தப் பெட்டி எப்போது, யார் பெயரில் திறந்தது என்று சொல்லும். அஞ்சலுக்குள் எட்டிப் பார்க்காது; பார்க்கிற கருவியாயிருந்தால் நான் வைத்திருக்க மாட்டேன். ஒரு புள்ளி பிசகினாலும் பதில் தராது. கான்வென்டில் என்னை வளர்த்த சிஸ்டர்களும் அப்படித்தான். அதனால் எங்களுக்குள் தகராறு வந்ததில்லை.

சென்ற மாதம் செயலாளர் வந்தார். "அத்தை, கம்ப்யூட்டர்ல எடம் பத்தலீங்க. காலமான உறுப்பினருங்க பெட்டியெல்லாம் சும்மாதான கெடக்குது? அழிச்சுப்போடலாமுங்க" என்றார். சரி, சும்மா கிடக்கின்றனவா என்று கருவியைக் கேட்டோம்.

கிடக்கவில்லை ஐயா! மாலை சூட்டிப் படமாக்கி மாட்டிய மனிதர்களின் பெட்டிகள், ஒவ்வொரு நாளும் திறக்கப்பட்டிருக்கின்றன. செயலாளர் முகம் வெளுத்தது. "ஐயையோ, திருடன் நொழைஞ்சுட்டானுங்க அத்தை!"

திருடனா? தீனி வைக்கும் நேரத்துக்குச் சரியாக ஓய்ந்துபோகிற திருடன் எந்த ஊரில் இருக்கிறான்? எதையும் எடுக்காமல், எதையும் அழிக்காமல், வந்து நின்றுவிட்டுப் போகிற திருடனுக்கு என்ன வேண்டும்?

பரமத்தி வேலூர்ப் பக்கம் பண்ணை வைத்திருந்த கருப்பண்ணன் பெட்டி அதில் ஒன்று. அவர் மனைவி செல்லியம்மாளைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"ஏனுங்க அம்மிணி, உங்க ஊட்டுக்காரரு பெட்டிய யாரு தொறக்கறாங்க?"

"நாந்தானுங்க. பண்ணைக்கு வார்ற பில்லு, சான்று எல்லாம் அவரு பேருக்குத்தானுங்களே வருது? பண்ணையே அவரு பேருல தானுங்களே ஓடுது?"

"பில்லு வாராத நாள்லயும் தொறக்கறீங்களே?"

கோழிகளின் சத்தத்தினூடே தீனி வாளியைக் கீழே வைப்பது கேட்டது. பிறகு சொன்னார்கள்:

"உள்ள போகோணும்னா அவரு பேர அடிக்கோணுமுங்க. கட்டுன நாள்ல இருந்து வாயில சொல்லாத பேருங்க அது. அப்பறம் பாஸ்வேர்டுங்க. அவரு வெச்சது. என்ன ஒரு நாளும் பேரு சொல்லிக் கூப்புட்டதில்லீங்க, 'இந்தாம்மிணி'ம்பாரு, அவ்வளவுதான். பாஸ்வேர்டுல எம்பேர வெச்சிருக்காருங்க. நாங்க ரெண்டு பேரும் பேரு சொல்லிக்கற எடம் அது ஒண்ணுதானுங்க."

முன்வரிசையில் குறித்துக்கொள்கிற தம்பி, முயற்சி வேண்டாம். செல்லியம்மாள் சம்மதத்தோடுதான் சொல்கிறேன். அந்தப் பெயருக்குப் பின்னால் நான் எண்களும் குறிகளும் சேர்க்க வைத்துவிட்டேன்.

சிரித்தீர்கள், நல்லது. இப்போது ஒன்று கேட்கிறேன். கணவர் பெயரில் பெட்டி திறக்கிற தாய்மார்கள் கையைத் தூக்குங்கள். கூச்சம் வேண்டாம். ஒரு கை. அதோ, தூண் பக்கம் இன்னொன்று. இந்த வரிசையில்... அடடா! தலைவர் அவர்களே, திரும்பிப் பாருங்கள். இத்தனை பண்ணைகளை நடத்துகிறவர்கள் இத்தனை பேர். உங்கள் உறுப்பினர் பட்டியலில் இவர்களில் ஒருவர் உண்டா? அந்தப் பெட்டிகளை அழித்தால் நாளைக்கு இவர்கள் பில்லுக்கு எங்கே போவார்கள்? சான்றுக்கு யாரிடம் நிற்பார்கள்? அந்த ஒற்றைப் பெயருக்கு எங்கே போவார்கள்?

ஆகவே என் திருத்தம் இது. இவர்கள் ஒவ்வொருவருக்கும் சொந்தப் பெயரில் உறுப்பினர் இடம் கொடுங்கள், சொந்தப் பெயரில் பெட்டி கொடுங்கள். பழைய பெட்டிக்கு வருவது புதியதற்கும் வரட்டும். பழைய பெட்டியின் கதவை மட்டும் யாரும் பூட்டக் கூடாது. இடம் போதவில்லையா? கணினிக்கு இன்னொரு ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள் ஐயா!

திருடன் இல்லை என்று எனக்கு எப்படி அன்றே தெரிந்தது? கருவி காட்டிய அந்த வரிகளில் ஒன்று என் வீட்டிலிருந்து போனது. என் வீட்டில் பேச்சுச் சத்தம் ஓய்ந்து வெகு காலம் ஆகிறது. காலையில் காபி ஆறுகிற வரை அந்தக் கறுப்புத் திரை முன்னால்தான் இருப்பேன். என் கணவர் பெட்டியை நானே திறப்பேன். பிறகு கருவியை நானே கேட்பேன். அது அவர் பெயரைச் சொல்லி, உள்ளே வந்தார் என்று சொல்லும். வந்தவள் நான்தான். எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் அந்த வரியை ஒருமுறைக்கு இருமுறை படித்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.

தலைவர் தீர்மானத் தாளை மடித்துப் பையில் வைக்கிறார். நன்றி ஐயா. செயலாளருக்கும், கை தூக்கிய தாய்மார்களுக்கும், பொறுமையாகக் கேட்ட அனைவருக்கும் நன்றி. கருவி தினமும் சொல்கிற பெயரை இன்று நானும் வாய்விட்டுச் சொல்லிவிட்டு அமர்கிறேன்.

அப்புசாமி. அவர் மனைவி குப்பாயி.

வணக்கம்.