இன்னும் கொஞ்சம் ஏத்து

வீட்டில் யாராவது தூங்கிக்கொண்டிருந்தால் நான் கதவைக்கூடச் சத்தமில்லாமல்தான் சாத்துவேன், ஐயா. என் மனைவியைக் கேட்டுப் பாருங்கள். கரண்டி கீழே விழுந்தால் முகம் சுளிக்கிற ஆள் நான். அதனால்தான் குழுவில் எனக்குக் ‘காது’ என்று பெயர் வந்தது. இந்தச் சுபாவத்தை வைத்துக்கொண்டு முப்பத்தைந்து வருடமாக ஒரு திராஷ் மெட்டல் குழுவுக்கு எப்படி ஒலி பார்த்தாய் என்று கேட்பீர்கள். கிட்டார் ரம்பம்போல அறுக்கும், டிரம்ஸ் விரட்டும், பாடுகிறவர் உலகத்தோடு சண்டைபோடுவார். தெரியாதவர்களுக்கு எல்லாம் ஒரே பாட்டாகத்தான் கேட்கும். தெரிந்தவர்களுக்கு அதில் ஒன்பது நல்ல பாட்டு இருக்கிறது.

ஒன்பதுதான். பத்து என்று எழுதுகிறவர்கள் கைவிரலுக்குக் கணக்கு சரியாக வரட்டும் என்று ஒன்றைச் சேர்க்கிறார்கள். ஒன்பதும் முதல் மூன்று ஆல்பத்தில் இருக்கின்றன. ‘துருவின் ஆட்சி’யில் எல்லாம் சட்டென்று நின்று, ஒற்றைக் கிட்டார் மட்டும் மூச்சு வாங்குகிற இடம் ஒன்று உண்டு. ‘தூக்குக்குப் பின் தீர்ப்பு’, சொல்ல வேண்டியதைச் சொன்னதும் வாயை மூடிக்கொள்ளும். அந்தப் பண்பு மனிதர்களிலேயே அபூர்வம். முதலிடம் ‘எலும்பாலை’. அதில் விவாதமே கிடையாது. பாட்டு தொடங்கும் முன் ஓர் இளங்குரல் எண்ணும்: ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. நாலில் குரல் உடைந்துவிடும். அந்த விரிசலுக்குள்ளிருந்துதான் கிட்டார் பாயும். ரசிகர்கள் இன்றைக்கும் அதை அப்படியே, விரிசலோடு, சேர்ந்து கத்துகிறார்கள். இந்தக் குழுவின் உச்சம் அந்த ஒரு நொடி. இது சொந்த விருப்பு வெறுப்பு கலக்காத கணிப்பு.

பாடுகிறவர் என் அத்தான், அக்காவின் கணவர். மேடையில் நரகத்தின் கதவைத் திறப்பார். வீட்டில் அக்கா சொன்னால் குளிர்பதனப் பெட்டியின் கதவைச் சாத்துவார். மச்சினன் என்ற ஒரே தகுதியில் நான் குழுவுக்குள் வந்தேன் என்று டிரம்ஸ் வாசிக்கிற ‘இடி’ இன்றும் சொல்லிக்கொண்டு திரிகிறார். வந்தது அப்படித்தான். நிலைத்தது காதால்.

என் வேலையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இல்லாவிட்டால் என்மேல் சொல்லப்படும் குற்றம் உங்களுக்குப் புரியாது. கூட்டத்துக்குக் கேட்கிற ஒலியை வேறொருவர் பார்ப்பார். நான் நிற்பது மேடையின் ஓரத்தில். வாசிக்கிறவர்கள் காதுக்குள் சின்ன ஒலிபெருக்கியைச் செருகியிருப்பார்கள். அதில் யாருக்கு எது, எவ்வளவு கேட்க வேண்டும் என்பது என் கையில் இருக்கிறது. அந்த இரைச்சலில் பேச முடியாது, எல்லாம் கைச்சாடைதான். கட்டைவிரல் மேலே போனால் ஏற்று, உள்ளங்கை கீழே வந்தால் இறக்கு. அத்தானின் உள்ளங்கையை நான் பார்த்ததே இல்லை. கட்டைவிரல்தான். எந்தப் பாடகருக்கும் தன் குரல் கேட்டது போதும் என்று தோன்றுவதில்லை.

இதற்கு எங்கள் தொழிலில் ஒரு தந்திரம் உண்டு. ஒலியைக் கூட்டிக் குறைக்கிற பலகையில் எதனோடும் இணைக்காத திருகு ஒன்றை விட்டு வைத்திருப்போம். கட்டைவிரல் எழுந்ததும், அவர் கண்ணில் படும்படி, மிகுந்த அக்கறையோடு அதைத் திருக வேண்டும். ஒன்றும் மாறாது. அவர் திருப்தியாகத் தலையாட்டுவார். பிறகு வந்து தோளில் தட்டி, “ஆங், இப்பதான்டா சரியா இருந்துச்சு. உன்னை விட்டா யாருக்குடா வரும் இந்தக் காது?” என்பார். அந்தப் பொய்த் திருகை வைத்துத்தான் வருடக்கணக்காக அவர் செவியைக் காப்பாற்றி வந்தேன். அதற்காக யாரும் எனக்கு மாலை போடவில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு அத்தானுக்கு முதிர்ச்சி வந்தது.

ஒத்திகை அறையில் எல்லோரையும் உட்காரவைத்து அறிவித்தார். குழுவின் சிறந்த பாடல்களை எல்லாம் புதிதாகப் பதிவுசெய்யப் போகிறோம், மெதுவாக, வயலின்களோடு. பழைய பதிவுகளைச் சந்தையிலிருந்து எடுத்துவிடலாம்.

“நம்ம பாட்டுல எப்பவுமே ஒரு சோகம் இருந்துச்சுடா. வேகத்துல யாருக்கும் அது தெரியல” என்றார்.

“தெரியாம இருக்கத்தானே அத்தான் வேகம்” என்றேன்.

“உனக்கென்னப்பா, நின்ன இடத்துல நிக்கற. வேகத்தைப் பத்தி என் முட்டிய வந்து கேளு” என்றார் இடி.

ஆக, ஒருவரின் முட்டிவலிக்குக் கலைக்கொள்கை ஒன்று கிடைத்துவிட்டது. எங்களைப் பற்றித் தலையணை கனத்தில் புத்தகம் எழுதிய விமர்சகரும் அங்கே இருந்தார். இரைச்சல் தன் மௌனத்தை நோக்கிக் கனிகிறது என்றார். சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே குறித்துக்கொண்டார்.

“‘எலும்பாலை’யைப் பியானோல ஆரம்பிப்போம். அந்தக் கத்தலைத் தூக்கிடலாம்” என்றார் அத்தான்.

“எந்தக் கத்தல், அத்தான்?”

“அதான்டா, ஒண்ணு ரெண்டுன்னு ஒருத்தன் அழுவானே. யாரு கத்துனதுன்னே மறந்துபோச்சு. கேட்டாலே கூச்சமா இருக்கு.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதன்பின் கேபிள்களைச் சுற்றி வைத்தேன். கேபிளை எட்டு வடிவத்தில் சுற்ற வேண்டும். வட்டமாகச் சுற்றினால் முறுக்கிக்கொள்ளும். கோபத்தில் இருக்கிறவனுக்கு எட்டு வராது. அன்று நான் சுற்றியவற்றில் ஒன்றுகூட முறுக்கவில்லை. கோபத்தில் செய்தாயா என்று நீங்கள் கேட்டதற்கு இதுதான் பதில்.

அடுத்த நிகழ்ச்சியிலிருந்து அவரிடம் பொய் சொல்வதை நிறுத்திக்கொண்டேன். என் குற்றம் அவ்வளவுதான். அந்தத் திருகை இணைத்தேன். காதுக்கு ஆபத்தான அளவை ஒலி தாண்டாமல் தடுக்கும் பூட்டு ஒன்று இருக்கும், அதையும் எடுத்தேன். பூட்டை வைத்துக்கொண்டு கேட்டதை எப்படிக் கொடுப்பது? கட்டைவிரல் எழுந்தது, ஏற்றினேன். ஏற்ற ஏற்றக் காது மந்தமாகும். மந்தமானால் இன்னும் கேட்பார். கேட்டால் கொடுப்பேன். அவர் கேட்காமல் ஒரு முறைகூட நான் ஏற்றவில்லை. இவ்வளவு நேர்மையாக எந்த மச்சினனும் எந்த அத்தானிடமும் நடந்துகொண்டிருக்க மாட்டான்.

செவி போகும்போது மொத்தமாகப் போகாது, ஐயா. மெல்லிய உயர்ந்த ஒலிகள் முதலில் போகும். பறவை, வாசல் மணி, வயலின். அக்காவின் குரலும் அந்த வரிசையில்தான் வரும். அது எனக்குத் தெரியுமா என்றால், தெரியும். என் தொழில் அது.

ஒருநாள் காரில் போகும்போது, “டேய், யாராவது விசில் அடிக்கிறாங்களா?” என்று கேட்டார். காரில் நாங்கள் இருவர் மட்டும்தான்.

“காலையில ஒத்திகைல வயர் சரியில்ல அத்தான். அந்தச் சத்தம் காதுலயே நிக்கும். மாத்திடறேன்” என்றேன். மாற்றவும் செய்தேன். புது வயர் போட்டேன்.

அக்கா போன் செய்தாள். “கூப்பிட்டா திரும்பியே பாக்க மாட்டேங்கறார்டா. டாக்டர்கிட்ட காட்டட்டுமா?”

“கல்யாணமாகி இத்தனை வருஷம் ஆச்சுல்ல அக்கா, எல்லா ஆம்பளைக்கும் வர்றதுதான். காது விஷயத்துக்கு நான் இருக்கேன்ல.”

அக்கா சிரித்தாள். என்னை நம்பித்தான் போனை வைத்தாள். அதை நான் மறைக்க விரும்பவில்லை.

சிறந்த பாடல்கள் நிகழ்ச்சியை நாற்காலி போட்ட அரங்கில் வைத்தார்கள். உட்கார்ந்துகொண்டு மெட்டல் கேட்பது கரையில் நின்று நீச்சலடிப்பதுபோல. அத்தான் கோட்டு அணிந்து, தோளில் கிட்டாரை மாட்டியிருந்தார். ‘எலும்பாலை’ பியானோவில் தொடங்கியது. கூட்டத்தில் சிலர் பழக்கத்தில் ஒண்ணு, ரெண்டு என்று ஆரம்பித்தார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் ‘உஷ்’ என்று அடக்கினார்கள். வயலின்கள் எழுந்தன. அத்தானுக்கு அவை கேட்கவில்லை. ஒரு சுற்று தள்ளி, வேறொரு சுருதியில் பாட ஆரம்பித்தார். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. காலத்தையே விசாரணைக்கு இழுக்கும் தாமதம் என்று விமர்சகர் மறுநாள் எழுதினார்.

அத்தானுக்கு மட்டும் ஏதோ தெரிந்திருக்க வேண்டும். பாடிக்கொண்டே என்னைப் பார்த்தார். கட்டைவிரல். ஏற்றினேன். மறுபடியும் கட்டைவிரல். ஏற்றினேன். திருகு முட்டி நின்றுவிட்டது. விரல் இறங்கவில்லை. “இதுக்கு மேல இல்ல, அத்தான்” என்றேன். என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வயலின்காரர்கள் மட்டும் வாசிக்கும் பகுதி வந்தது. அவர் ஓரத்துக்கு வந்து உட்கார்ந்து, காதுச்செருகியைக் கழற்றி என் மேசைமேல் வைத்தார். அக்கா தண்ணீர் கொண்டுவந்தாள். மேசையில் கிடந்தபடியே அது கத்திக்கொண்டிருந்தது. அவள் அதை எடுத்துக் காதருகே கொண்டுபோனாள். உடனே கீழே போட்டாள்.

“இதையாடா அவர் காதுக்குள்ள வெச்ச?”

“அவர்தான் அக்கா கேட்டார்.”

அவள் அவர் பக்கம் திரும்பி, “என்னங்க” என்றாள். அவர் கிட்டாரைத் துடைத்துக்கொண்டிருந்தார். “என்னங்க” என்றாள் மறுபடியும். அவர் துடைத்துக்கொண்டே இருந்தார். அவள் மூன்றாம் முறை கூப்பிடவில்லை. உங்களிடம் வந்து புகார் கொடுத்தது அவள்தான். எனக்கு அவள்மேல் வருத்தமில்லை.

போனது திரும்பி வராது என்று மருத்துவர் சொல்லிவிட்டாராம். புதுப் பதிவு நின்றுபோனது. வயலின்கள் உறைக்குள் போய்விட்டன. ஒன்பது பாட்டும் இருந்தபடியே இருக்கின்றன. இனி யாரும் அவற்றைத் தொட முடியாது. முதல் மூன்று ஆல்பம்தான் உண்மையான குழு என்று விமர்சகரும் எழுத ஆரம்பித்துவிட்டார். நீங்கள் என்னை எங்கே அடைத்து வைத்தாலும் சரி, ஊரே என் கட்சிக்கு வந்தாயிற்று. மன்னிப்பு கேட்கச் சொல்லாதீர்கள். ஒரு மனிதனுக்கு அவன் கேட்டதைக் கேட்ட அளவுக்குக் கொடுத்தேன், தெரிந்தே கொடுத்தேன். நாளைக்கும் கொடுப்பேன்.

அந்த நாலு வரைக்கும் எண்ணியது யார் என்று கேட்டீர்கள். முதல் ஆல்பத்தின்போது அளவு பார்ப்பதற்காக என்னை மைக் முன்னால் நின்று எண்ணச் சொன்னார்கள். எனக்கு அன்று தொண்டை கட்டியிருந்தது. நன்றாக இருக்கிறதே என்று அப்படியே விட்டுவிட்டார்கள். அதற்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. வாக்குமூலத்தில் சேர்த்தே ஆக வேண்டுமென்றால் சேர்த்துக்கொள்ளுங்கள். ‘காது’ என்று மட்டும் போடாதீர்கள், என் முழுப்பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்கிறேன், பிழையில்லாமல் எழுதுங்கள். ஆல்பத்தின் உறையில் விட்டுப்போன பெயர் அது.