வலது பக்கத்துக் கயிறு

— இன்னியோட போதும் புள்ள. இந்தக் கயித்தை எடுத்து அடுப்புல போடு.

— நைலான் கயிறுங்க. அடுப்புல போட்டா ஊடே நாறும். சித்த ஒழுங்கா உக்காருங்க.

— ஒரு வருசமா உக்காந்துட்டுத்தான இருக்கறேன்? இன்னும் எப்பிடி உக்காருவாங்க?

— கையைக் குடுங்க. இது இல்லீங்க… வலது கை.

— அதைய நானா குடுக்கறேன்? நீதான் எடுத்துக்கோணும். மூட்டையைத் தூக்கி வெக்கிற மாதிரி.

— எடுத்தாச்சு, மடியில வச்சாச்சு. ஏனுங்க, இப்பிடி சில்லுனு இருக்குது?

— செத்த கை சில்லுனுதான் இருக்கும்.

— வாயைக் கழுவுங்க மொதல்ல! பூசை பாத்துட்டு வந்த வாயிதான அது?

— பூசையை ஞாபகப்படுத்தாத மேரி. கோயில் வாசல்ல அந்த அங்கப்பன் வண்டியை நிறுத்திக் கேக்கறான், ‘ஏன் ஸ்தனிஸ்லாசு, கயித்து வளையல் யாவாரம் எப்பிடிப் போவுது’ன்னு. நாலு பேரு சிரிச்சானுங்க.

— நீங்க என்ன சொன்னீங்க?

— உம் பொண்டாட்டி கை சைசு குடு, பின்னித் தர்றேன்னேன்.

— நல்லா சொன்னீங்க போங்க! அந்தம்மா கைக்கு ஒரு கண்டு கயிறு பத்தாது…

— சிரிக்காத. சிரிக்கற மாதிரியா இருக்குது என்ற பொழப்பு? அங்க பாரு, சில்வர் ஓக்கு மரத்துல ஏணியைச் சாத்திட்டானுங்க. மொளவு பறிக்க ஆரம்பிச்சாச்சு.

— அங்க பாக்காதீங்க.

— பாக்காம? போன வருசம் நான் நின்ன ஏணி அது.

— அதுல இருந்துதான வுளுந்தீங்க. அதையென்ன ஆசையாப் பாக்கறது.

— இந்தத் தலைச்சோலை ஊருலயே என்னைய மாதிரி உச்சிக்கிளை வரைக்கும் ஏறுறவன் யாரு இருந்தான்? சொல்லு.

— ஒருத்தரும் இல்லீங்க. அதனாலதான் வேற யாரும் வுளுவல. நடு இழை ரெண்டையும் நேராப் புடிச்சுக்கறேன். இடது பக்கத்துக் கயித்தை நீங்க மேல வளைங்க.

— நாளைக்கு எஸ்டேட்டுக்குப் போயி கணக்கு எழுதற ரைட்டரைப் பாக்கப் போறேன்.

— எதுக்கு?

— கேட்டு வாட்ச்மேன் வேலைக்கு வர்றேன்னு சொல்லத்தான். கேட்டைத் தொறக்க ஒரு கை போதும்.

— பன்னெண்டு, பதிமூணு…

— நான் சொன்னது கேட்டுச்சா?

— முடிச்சை எண்ணிட்டு இருக்கறேன்.

— பொய்யி. நீ எண்ணவே மாட்ட. மேரி, நான் சொல்றதைக் கேளு. இது ஆவாது. எனக்குத் தெரியுது, உனக்கும் தெரியுது. என்ற இடது கையும் உன்ற கையும் சேந்துதான் எல்லாத்தையும் பின்னுது. இந்தக் கை சும்மா நடுவுல படுத்துக் கெடக்குது, விருந்தாளி மாதிரி.

— விருந்தாளிய யாராச்சும் வெரட்டுவாங்களா? ஜோஸ்லினுக்கு இதைய முடிச்சுக் குடுத்துருவோம். ஹாஸ்டல்ல எல்லாப் புள்ளைங்களும் கட்டியிருக்குதுங்களாம். ‘எங்கப்பா பின்னுனது’ன்னு சொல்லணுமாம் அவளுக்கு. நாளானைக்குக் காலேஜுக்குப் போறப்ப கட்டிட்டுப் போவட்டும். அப்பறம் நீங்க ரைட்டரைப் பாருங்க, அவங்க தாத்தாவைப் பாருங்க.

— இதுதான் கடைசி.

— சரிங்க, கடைசி. வலது கயித்தை உங்க வெரல்ல சுத்திட்டேன். வளையத்துக்குள்ளயும் வுட்டாச்சு. கண்ணை மூடுங்க.

— அது ஒண்ணு எதுக்கு…

— டாக்டரு சொன்னாருல்ல? கண்ணை மூடி, வலது கைதான் இழுக்குதுன்னு நெனைக்கோணும்னு.

— மூடிட்டேன்.

— நெனைங்க.

— நெனைச்சுட்டேன்… இழுக்கட்டுமா?

— …

— இழுக்கறேன். நீயும் உன்ற பக்கம் இழு. ம்… இன்னும் கொஞ்சம்… அவ்வளவுதான். பாத்தியா, நேரா உக்காந்துருச்சு. நல்லா இழுத்த புள்ள.

— என்னத்தை இழுத்தேன்? பாலு பொங்குதுங்க, நான் இங்க அடுப்படியில நிக்கறேன்!

— வெளையாடாத மேரி.

— ரெண்டு கையிலயும் துணியோட சட்டியைப் புடிச்சுட்டு நிக்கறேன், இதுல என்ன வெளையாட்டு? சித்த இருங்க, எறக்கி வச்சுட்டு வர்றேன்.

— மேரி…

— வந்துட்டேன், வந்துட்டேன். என்னங்க? ஏன் மூஞ்சி இப்பிடி ஆயிருச்சு?

— நீ எப்ப எந்திரிச்சுப் போன?

— நீங்க கண்ணை மூடி நெனைக்கறப்ப. பாலு வாசம் வந்துச்சு, சத்தம் போடாம எந்திரிச்சேன்.

— அப்ப… வலது பக்கத்தை யாரு இழுத்தது? நீதான சொல்லுவ, ஒரு பக்கம் மட்டும் இழுத்தா முடிச்சு கோணிக்கும்னு? இதைய பாரு. கோணியிருக்குதா?

— இல்ல…

— பாரு நல்லா.

— பாத்துட்டேங்க. நேராத்தான் இருக்குது. ஆனா… கையோட கனத்துல தானா இறுகியிருக்கும். நீங்க மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க.

— கனமா? மடியில கெடக்கற கைக்கு ஏது கனம்? வெரல்ல சுத்துன கயிறு வெறைச்சு நிக்குது பாரு.

— நான் சுத்துனப்ப தொளதொளன்னு இருந்துச்சு…

— இன்னொரு முடிச்சு போடு.

— ஏனுங்க, வேண்டாங்க… இல்லாட்டிப் போனா தாங்க மாட்டீங்க.

— போடு மேரி.

— கயிறு வழுக்குது. இருங்க… வளைச்சு… அடியில வுட்டு… ம். போட்டாச்சு. இப்ப நான் தொடல. பாருங்க, ரெண்டு கையையும் முந்தானைக்குள்ள வச்சுக்கிட்டேன்.

— இழுக்கறேன்.

— ம்.

— இழுத்துட்டேன். என்ன ஆச்சு?

— ஒண்ணும் இல்லீங்க. கோணிக்கிச்சு. பரவால்ல… பரவால்லீங்க. நான்தான் சொன்னேனே, கனம்…

— பேசாத.

— சரிங்க.

— பிரிச்சுட்டு மறுக்கா போடு.

— போட்டாச்சு.

— இந்தத் தடவை நான் இழுக்கோணும்னே நெனைக்கல மேரி. மரத்து மேல நிக்கறேன். இடது கையில கிளை. வலது கை மொளவுக் கொடிக்குப் போவுது… கொத்தைத் தொடுது… பச்சைக் கொத்து… கிள்ளுது…

— ஏனுங்க…

— கிள்ளுது…

— ஏனுங்க! கண்ணைத் தொறக்காதீங்க! அப்பிடியே இருங்க, அப்பிடியே…

— என்ன? என்ன ஆச்சு?

— கட்டை வெரலு… அசையுது. உள்ளாற மடங்குது. மாதாவே! மடங்குது… கயித்தைக் கூட்டிக்கிட்டு வருது…

— நீ தொடலையே?

— தொடலைங்க, சத்தியமாத் தொடல. மெதுவாப் பேசுங்க. கூட்டுல குஞ்சு கண்ணு முழிக்கிற மாதிரி இருக்குது. பயந்துக்கப் போவுது.

— நான் பாக்கட்டுமா?

— பாருங்க. மெதுவாத் தொறங்க. தெரியுதா?

— மேரி… இது என்ற கையா?

— உங்க கைதாங்க. பொறந்ததுல இருந்து உங்களுதுதான்.

— ஒரு வருசமா பாக்கறேன், இப்பிடி ஒண்ணை நான் பாத்ததே இல்ல. நகத்துக்குக் கீழ பாரு, செவந்து வருது. நான் கூப்பிடறேன், அது வருது. இவ்வளவு தூரத்துல இருந்து… எங்கயிருந்து புள்ள வருது இது?

— தெரியலைங்க. எனக்குப் புல்லரிக்குது. தொட்டுப் பாருங்க என்ற கையை.

— இரு. இரு… கயிறு உறுத்துது.

— என்னது?

— ஆட்காட்டி வெரல்ல. கயித்தோட சொரசொரப்பு… அறுக்கற மாதிரி… வலிக்குது மேரி!

— ஐயோ, அவுத்து வுட்டறட்டா?

— அவுக்காத! வலிக்குதுங்கறேன், அவுக்கறேங்கற! வலிக்கட்டும். அடியாத்தீ, என்ன வலி… நொம்ப நல்லா வலிக்குது…

— சிரிக்கறீங்களா, அழுவறீங்களா?

— எனக்கென்ன தெரியுது. நீ ஏன் மண்டி போட்டுட்ட?

— மாதாவுக்கு நன்றி சொல்லோணுமில்லீங்க. அதான்.

— ஜோஸ்லினுக்குப் போன் போடு.

— மத்தியானச் சோத்தைத் தின்னுட்டுத் தூங்குறா பக்கத்து ரூம்புல. போன் எதுக்கு, எழுப்பறேன்.

— வேண்டாம்… இரு. இன்னும் ஒண்ணு. நானே போடறேன். நீ நடு இழையை மட்டும் புடி.

— வளைக்கறதை இடது கையில பண்ணுங்க. ம்… வலது கயிறு அடியில போவோணும்.

— போவுதா?

— தள்ளுங்க… இல்ல, நழுவிருச்சு. மறுக்கா… ஆங். நகத்துல புடிச்சுட்டீங்க! இழுங்க… மெதுவா…

— கோணல்தான்.

— கோணட்டும். மத்த முடிச்செல்லாம் நானும் சேந்து போட்டது. இது ஒண்ணு முழுசா உங்களுது. இதைய யாராச்சும் பிரிச்சா கையை ஒடைப்பேன்.

— அங்கப்பனைக் கூட்டிட்டு வந்து காட்டோணும்.

— அவங்க சம்சாரத்துக்கு ஒண்ணு பின்னியும் குடுக்கோணும்.

— மேரி.

— ம்?

— ஒண்ணு சொல்லுவேன், திட்டக்கூடாது. எனக்கு இதுல நம்பிக்கையே இல்ல புள்ள. கை செத்துப் போச்சுன்னு மழைக்கு முன்னாடியே தெரிஞ்சு போச்சு எனக்கு. நீ எஸ்டேட்டுல இருந்து அலுத்து வந்து, பக்கத்துல உக்காந்து என்ற கையை மடியில எடுத்து வெச்சுக்கற பாரு… அதுக்காவத்தான் தெனமும் உக்காந்தேன். கயித்துக்காவ இல்ல. என்ன, கோவமா?

— இல்லீங்க.

— நாளைக்கு மொத பஸ்ஸுல சேலம் போறோம். அந்த டாக்டருக்கு ஒரு கூடை ஆரஞ்சு கொண்டு போவோணும். எத்தனை பேருக்கு வைத்தியம் பாக்கற மனுசன், எனக்குன்னு ஒக்காந்து யோசிச்சு, கயிறு பின்னச் சொல்லிக் குடுத்துருக்காரு பாரு. காலைத் தொட்டுக் கும்புடோணும். ஏன் புள்ள தலையைக் குனிஞ்சுட்ட? நெசந்தான?

— கும்புடுங்க, நல்ல மனுசருதான். ஆனா அன்னிக்கு உங்களை வெளிய பெஞ்சில உக்கார வெச்சுட்டு என்னைய மட்டும் உள்ள கூப்ட்டாரே… ‘நரம்பு போயிருச்சும்மா, அந்தக் கையை மறந்துட்டுப் பொழைக்கப் பழகச் சொல்லுங்க’ன்னுதாங்க சொன்னாரு. கயிறுன்னு ஒரு வார்த்தை அவரு வாயில வரல. அதைய உங்ககிட்ட எப்பிடிச் சொல்றதுன்னு தெரியாம, தண்ணி பாட்டில் வாங்கற மாதிரி ரோட்டைத் தாண்டிப் போனேன். ஒரு கடை வாசல்ல கயிறு கண்டு கண்டாத் தொங்குச்சு… வெறுங்கையோட உங்க மூஞ்சியைப் பாக்க முடியாம, அதைய வாங்கிட்டு வந்துட்டேன்.