நேராப் போன பந்து மட்டும்

"அருமை சார், இப்படியே தொடருங்க." இதான் பதில். மாசக்கணக்கா இதே பதில். வேற வார்த்தையே தெரியாதா அந்த கோச்சுக்கு? நான் இங்க வேர்த்து விறுவிறுத்து அடிச்சு, படம் எடுத்து, அனுப்பி, என்ன சொல்லப் போறாரோன்னு ஃபோனையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா, அங்கேருந்து வருது ஒரு குரல். அருமை சார். எதுங்க அருமை? நீங்களே இப்ப பக்கத்துல நின்னு பாத்தீங்கல்ல, ஒரு பந்து நேராப் போச்சா?

இல்ல இல்ல, நீங்க உங்க வேலையைப் பாருங்க. நான் பாட்டுக்குப் பேசிட்டிருப்பேன். புதுசா கோல்ஃப் பழகச் சேந்திருக்கீங்களா? அதானே பாத்தேன். தெரிஞ்சவங்க யாரும் எனக்குப் பக்கத்துல விரிச்சிருக்கற பச்சை மேட்டை எடுக்க மாட்டாங்க. பயப்படாதீங்க, உங்க பக்கம் வராது. என் பந்து எல்லாம் வலது பக்கம்தான் போகும். கிளம்பும்போது என்னமோ ஒழுங்காத்தான் கிளம்பும், பாதி வழியில வீட்டு ஞாபகம் வந்த மாதிரி அப்படியே வலது பக்கம் திரும்பிடும். தோ, அங்க பந்து பொறுக்குற வண்டி ஓடுதுல்ல? அந்த டிரைவர் நான் மேட்ல ஏறினதும் எனக்கு ஒரு வணக்கம் வெப்பார், வெச்சுட்டு வண்டியை இடது ஓரத்துக்குத் திருப்பிடுவார். மரியாதைக்காரர்.

கோச் வேற ஊருக்குப் போயிட்டார் சார், அதான் வினை. இங்க இருந்தவரைக்கும் நேர்ல வந்து என் தோளைப் பிடிச்சுத் திருப்புவார், மண்டையைப் பிடிச்சு அமுக்குவார். "தலையைத் தூக்காதீங்க, பந்து எங்கயும் ஓடிப்போயிடாது"ம்பார். ஓடிப்போயிடுமோன்னுதான் சார் தூக்கறேன். அடிச்ச அடுத்த நொடி அது எங்க போய்த் தொலைஞ்சுதுன்னு பாக்கணும்ல? போறப்ப சொல்லிட்டுப் போனார், வாரம் ஒரு வீடியோ அனுப்புங்க, பாத்துத் திருத்தறேன்னு. திருத்தறாராம்.

நானும் சும்மா இல்ல. வீட்ல படுக்கையறையில பீரோ கண்ணாடி முன்னாடி நின்னு பயிற்சி. ரெண்டு அக்குளுக்கும் குறுக்கால ஒரு துண்டை வெச்சு இடுக்கிக்கிட்டு மட்டையைச் சுத்தணும், துண்டு கீழ விழக் கூடாது. கையும் உடம்பும் சேந்து திரும்புதான்னு பாக்கறதுக்கு. நல்ல பயிற்சிதான். ஆனா எங்க வீட்ல இருக்கறவங்க குளிச்சுட்டு உள்ளேருந்து துண்டு துண்டுன்னு கத்தறாங்க, நான் அக்குள்ல துண்டோட அசையாம நிக்கறேன். வெளிய வந்து என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு, "கடைசியில இதுக்காவது அசையாம நின்னீங்களே"ன்னாங்க. இன்னொரு நாள் மட்டை மேல போய் ஃபேன்ல பட்டு, ஃபேன் றெக்கை வளைஞ்சு, இப்ப அது சுத்தும்போது நொண்டி நடக்கற மாதிரி ஒரு சத்தம் போடுது. அந்தச் சத்தத்துக்கு அடியிலதான் சார் நாங்க ரெண்டு பேரும் தூங்கறோம். அவங்க தூங்கறாங்களான்னு தெரியலை. கேக்கறதுக்குத் தைரியம் இல்ல.

இந்த வயசுல எதுக்கு இதுன்னு நீங்க கேக்கலை, ஆனா மூஞ்சி கேக்குது. எல்லாம் சம்பந்தியால வந்தது. சம்பந்தியைக் குத்தம் சொல்லக் கூடாது, தங்கமான மனுஷன். பேங்க்ல மேனேஜரா இருந்து ரிட்டையர் ஆனவர். பொண்ணு பாக்க வந்த அன்னைக்குப் பேச்சுவாக்குல கேட்டார், "நீங்க கோல்ஃப் விளையாடறதுண்டா?" இல்லைன்னு சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஏதோ கொஞ்சம்." ஏதோ கொஞ்சமாம். அதுக்கு முன்னாடி நான் கோல்ஃப் மட்டையைத் தொட்டதே கடையில ஷட்டர் இழுக்கத்தான். கண்ணாடிக்கடை வெச்சிருக்கேன் சார், மூக்குக் கண்ணாடி. யாரோ ஒரு வாடிக்கையாளர் மறந்து வெச்சுட்டுப் போன மட்டை. ஷட்டர் கொக்கியில மாட்டி இழுக்கறதுக்கு அவ்வளவு பொருத்தமா இருந்துச்சு.

அந்த "ஏதோ கொஞ்சம்" இப்ப எங்க வந்து நிக்குது பாருங்க. நாளன்னைக்கு அவங்க கிளப்ல ஜோடிப் போட்டி. வருஷா வருஷம் சம்பந்தியும் அவர் அண்ணனும்தான் ஜோடி. இந்தத் தடவை அண்ணனைக் கழட்டி விட்டுட்டு என் பேரைக் குடுத்துட்டார். அண்ணன் முகம் குடுத்துப் பேசறதில்லையாம். என் பொண்ணு ஃபோன் பண்ணி, "அப்பா, பெரிய மாமா சாப்பாட்டு மேஜையில எங்கூட உக்காரவே மாட்டேங்கறார்ப்பா"ன்னு சொல்றா. அவ அந்த வீட்டுக்குப் போய் இன்னும் ஒரு வருஷம் ஆகலை. நாளன்னைக்கு நான் போய் முதல் பந்தை வலது பக்கம் இருக்கற கார் நிறுத்தற இடத்துக்கு அனுப்பினேன்னு வெச்சுக்குங்க, எனக்கென்ன, நான் வீட்டுக்கு வந்துடுவேன். அவ அந்த வீட்ல இருக்கணும்ல?

ஏன் என் பேரைக் குடுத்தார்ன்னு கேக்கறீங்களா? வீடியோ பாத்துட்டு. கோச்சுக்கு அனுப்பறதையே அவருக்கும் அனுப்புவேன். இருங்க, காட்டறேன். இந்தாங்க. இது போன வாரம். இது அதுக்கு முந்தின வாரம்... என்ன சார், ஃபோனையும் என்னையும் மாத்தி மாத்திப் பாக்கறீங்க? நான்தான் அது. சட்டையைப் பாருங்க, இதே சட்டை.

சரி. உங்ககிட்ட சொல்றதுல என்ன? அது வந்து... ஒரு கூடை நிறையப் பந்து வாங்கினா, அதுல எப்படியும் ஒண்ணு நேராப் போயிடும். எப்படிப் போகுதுன்னு கேக்காதீங்க, எனக்கே தெரியாது. எல்லாத்தையும் எங்க வீட்ல இருக்கறவங்க இங்க ஸ்டூல் போட்டு உக்காந்து வீடியோ எடுப்பாங்க. நான் அந்த ஒண்ணை மட்டும் வெச்சுக்கிட்டு மிச்சத்தை எல்லாம் அழிச்சுடுவேன். அந்த ஒண்ணுதான் கோச்சுக்குப் போகும். அவரும் பாவம், பாத்துட்டு அருமைங்கறார். அருமையாத்தானே இருக்கு? நல்லா இருக்கறதை அனுப்பிட்டு, ஏன்யா திருத்தலைன்னு அந்த மனுஷனை மாசக்கணக்கா திட்டிக்கிட்டிருக்கேன்.

இதுல என் தொழிலைப் பாருங்க. கண் பரிசோதனைக்கு வர்றவங்கள்ல சில பேர், வெளிய காத்திருக்கும்போதே முன்னாடி போனவர் படிக்கறதைக் காதுல வாங்கி மனப்பாடம் பண்ணிக்கிட்டு, உள்ள வந்து கடைசி வரி வரைக்கும் கடகடன்னு ஒப்பிப்பாங்க. நான் மூக்குக் கண்ணாடியைக் கழட்டி வெச்சுட்டு ஒரு பாடம் எடுப்பேன், "யாரை ஏமாத்தறீங்க? உங்க கண்ணைத்தானே?" அப்படி ஒரு குரல்ல கேப்பேன் சார். கேட்டவங்க தலையைக் குனிஞ்சுக்குவாங்க.

போன வாரம் எங்க வீட்ல ஸ்டூலை மடக்கி வெச்சுட்டாங்க. "நான் எடுக்கறதெல்லாம் குப்பைக்குத்தானே போகுது, அந்த ஒண்ணை மட்டும் எடுக்க எனக்கு ஜோசியம் தெரியாது"ன்னுட்டாங்க. நியாயம்தானே?

சம்பந்திகிட்ட நேராச் சொல்லிடலாமேங்கறீங்க. சொல்லலைன்னா நெனச்சீங்க? முந்தாநாள் அவங்க வீட்டுக்கே போய்ச் சொன்னேன். "எனக்குச் சரியா விளையாட வராதுங்க சம்பந்தி, அண்ணனையே கூப்பிட்டுக்குங்க"ன்னேன். அவர் என் தோள்ல தட்டி, "இந்த அடக்கம்தான் சம்பந்தி உங்ககிட்ட எனக்குப் பிடிச்சதே"ன்னுட்டு அண்ணனைத் திரும்பிப் பாத்தார் பாருங்க ஒரு பார்வை. முடிஞ்சு போச்சு. நான் பண்ணி வெச்ச படம் என் வாயையே அடைச்சுடுச்சு. தப்பா அடிச்சதைக் காட்டலாம்னா ஒண்ணுகூட மிச்சம் இல்ல. எல்லாத்தையும்தான் அழிச்சாச்சே.

அதனால சார்... நீங்க கிளம்பறதுக்குள்ள ஒரே ஒரு உதவி. இந்த ஃபோனைப் பிடிச்சுக்குங்க. நான் ஒரு பந்து அடிக்கறேன். எப்படிப் போனாலும் சரி, எடுத்த கையோட நீங்களே சம்பந்திக்கு அனுப்பிடுங்க. தோ, இந்தப் பேர். என் கையில குடுக்காதீங்க, குடுத்தா அழிச்சுடுவேன், என் புத்தி எனக்குத் தெரியும். அவர் கண்ணால பாக்கட்டும். பாத்துட்டு அண்ணனைக் கூப்பிடட்டும். அசிங்கம்தான், பரவாயில்ல. என் பொண்ணு நிம்மதியா உக்காந்து சாப்பிடுவா.

எடுக்கறீங்களா? ஃபோன்ல சிவப்புப் புள்ளி வந்துடுச்சா? சரி. நான் ஒண்ணும் பண்ணப் போறதில்ல, தலையை அமுக்கறது, இடுப்பைத் திருப்பறது, ஒண்ணும் கிடையாது. எப்பவும் வர்ற மாதிரி வரட்டும்.

...

என்ன சார் சத்தத்தையே காணோம்? வலது பக்க வேலியில பட்டிருக்கணுமே.

எங்க? கொடிகிட்டயா? எந்தக் கொடி? நடுவுல குறிக்கு நட்டு வெச்சிருக்கறதா?

வேண்டாம், அனுப்பாதீங்க. சார், இருங்க, அனுப்பாதீங்க... அனுப்பிட்டீங்களா. ஆமா, நான்தான் சொன்னேன். உங்க மேல தப்பே இல்ல. குடுங்க. அழிச்சுப் பாக்கறேன்... பாத்துட்டார். பதிலே வந்துடுச்சு. படிக்கறேன் கேளுங்க. "என்ன ஒரு அடி சம்பந்தி. பக்கத்துல அண்ணன் இருக்கார், காட்டிட்டேன். இனிமே வாயைத் திறக்க மாட்டார்." போச்சு. கொஞ்ச நஞ்சம் பேசிக்கிட்டிருந்த மனுஷன்.

சார், இன்னொண்ணு. இன்னும் ஒண்ணே ஒண்ணு எடுத்துக் குடுங்க. இந்த ஃபோனை இப்படி மேட் ஓரமா வெக்கறேன், எடுத்துக்குங்க. தப்பா விழற வரைக்கும் அடிக்கறேன், ரொம்ப நேரம் ஆகாது, எனக்கு அதுல நல்ல தேர்ச்சி இருக்கு. பாருங்க. இந்தா...

போச்சு பாருங்க. வேலிக்கு மேல, கார்கள் நிக்கற இடத்துக்கே போயிடுச்சு. அப்படிப் போடு. இதான் சார் நான், இதான் என் அடி. எடுத்தீங்கல்ல? எடுத்...

சார்?

ஃபோன் வெச்ச இடத்துலயே இருக்கு. பையையும் எடுத்துக்கிட்டுப் போயிட்டார். பக்கத்துல பாதிக் கூடைப் பந்து அப்படியே கெடக்கு, பாவம்.

என்னங்க... அந்தக் கடைசி மேட்ல நிக்கறவரே, உங்களைத்தான். ஒரு நிமிஷம் வந்து இந்த ஃபோனைப் பிடிக்க முடியுமா? ஒரு பந்து அடிக்கறேன்... என்ன சொன்னீங்க? உங்களுக்குக் கத்துக் குடுக்கணுமா? நானா? ஐயோ, இல்லைங்க, எனக்கு ஒண்ணும் தெரியாது. இப்ப வேலிக்கு மேல போச்சே, அதைப் பாத்திருக்கணும் நீங்க.

அதைப் பாக்கலையா? அதுக்கு முந்தினதை மட்டும்தான் பாத்தீங்களா?